10க்கு 12 அறை, ஐந்து வயது மூத்த பிள்ளை, வரப்போகும் பச்சைப்பிள்ளை: அறையை எப்படி ஒதுக்குவது?

#1 மூன்றாம்மாடி

கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. அறை 10 அடி அகலம், 12 அடி நீளம். ஒரு 10 அடிச் சுவரின் மூலையில் கதவு. எதிர்ச்சுவரில் அலுமினிய யன்னல், அதற்கு மேலே ஏசி. கதவு இருக்கும் மூலையைத் தொட்டுப்போகும் 12 அடிச் சுவருக்குப் பின்னால் குளியலறை. உள்ளே 6க்கு 5 கட்டில், மகனின் 6க்கு 3 கட்டில், மூன்று கதவு மர அலுமாரி, ஒரு இரும்பு அலுமாரி, கண்ணாடி மேசை. பிள்ளைக்கு 4க்கு 2 கொட் (கம்பிச் சட்டம் வைத்த குட்டிக் கட்டில்) எடுக்க யோசனை. நவம்பர் முதல் வாரம் பிறக்கும் திகதி. இன்னொரு அறை இல்லை. கொட்டை எங்கே வைப்பது, எதை வெளியே எடுப்பது, ஏசியை எத்தனையில் விடுவது? தெரிந்தவர்கள் அளவுகளோடு சொன்னால் பெரிய உதவி.

#2 தச்சுப்பட்டறை

முதலில் கடைக்குப் போகாதேங்கோ. அளவு நாடாவை எடுங்கோ.

எல்லாவற்றையும் அங்குலத்தில் பார்ப்பம். 12 அடி என்றால் 144. உங்கட கட்டில் அகலம் 60, கொட் 24, மகனின் கட்டில் 36. இறங்கி நடக்க 24 விட்டால் மொத்தம் சரியாக 144. தாளில் பொருந்தும், அறையில் பொருந்தாது. பூச்சு ஒரு பக்கம் வீங்கி இருக்கும், சுவரடிப் பலகை முக்கால் அங்குலம் தின்னும், கட்டில் சட்டம் மெத்தையை விட இரண்டு அங்குலம் வெளியே நிற்கும்.

ஆகவே மகனின் கட்டில் சட்டம் வெளியே போகவேணும். 30 அங்குல அகலத்தில் 4 அங்குலத் தடிப்பு மெத்தை ஒன்று போதும். பகலில் உங்கட கட்டிலுக்குக் கீழே தள்ளலாம். அதற்குக் கட்டிலடியில் 6 அங்குலமாவது வெளி இருக்கவேணும். இல்லையென்றால் காலுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்து உயர்த்தலாம், ஆனால் கட்டையில் கால் பதிய ஒரு அங்குலக் குழி வெட்டித்தான் கொடுக்கவேணும். சும்மா மேலே தூக்கி வைத்தால் ஒருநாள் நழுவும்.

இரும்பு அலுமாரி விறாந்தைக்கு. கண்ணாடி மேசையும் வேண்டாம்.

கட்டில் தலைமாடு குளியலறை இல்லாத சுவரில். கட்டில் நீளம் தலைப்பலகையோடு 78. அறை அகலம் 120. மிச்சம் 42. எதிரே குளியலறைச் சுவரில் மர அலுமாரி, ஆழம் 20. சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி வையுங்கோ, அந்தச் சுவர் எப்படியும் ஈரம் கக்கும். மிச்சம் 19. அலுமாரிக் கதவு ஒன்று 18 அங்குலம் என்றால் ஒரு அங்குலம் மிஞ்சத் திறக்கும். உங்கட கதவை அளந்து சொல்லுங்கோ.

கொட் கதவுப் பக்கச் சுவரோடு, கட்டிலை ஒட்டி.

#3 தாதி_பொரளை

கணக்கு சரி, கடைசி வரி மட்டும் சரியில்லை. கொட்டைக் கட்டிலோடு ஒட்டினால் தாய் இறங்க வழி இல்லை. ஒரு பக்கம் கொட், மறுபக்கம் கணவர், கால்மாட்டுக்கு ஊர்ந்து போகவேண்டும். சிசேரியன் என்றால் முதல் இரண்டு கிழமை வயிற்றை மடக்கி ஊர முடியாது. பக்கவாட்டில் சரிந்து, காலைக் கீழே விட்டு, கையூன்றி எழும்பித்தான் பழக்குவோம். அதற்குக் கட்டிலோரம் 18 அங்குலமாவது காலி இடம் வேண்டும்.

#4 தச்சுப்பட்டறை

நீங்கள் சொல்வதுதான் சரி, அக்கா. திருத்துகிறேன். கதவுச் சுவரிலிருந்து வரிசையாக: கொட் 24, இடைவெளி 18, கட்டில் 60, மகனின் மெத்தை 30, மிச்சம் 12. அந்த 12ஐ மெத்தைக்கும் யன்னல் சுவருக்கும் நடுவில் விடுங்கோ. மழைச்சாரல் வந்தாலும் மெத்தை நனையாது. தகப்பன் கால்மாட்டால் இறங்கட்டும்.

யன்னலுக்குக் கீழே உயரமான சாமான் எதுவும் வரக்கூடாது, மேசை, பெட்டி, கதிரை ஒன்றும். மூன்றாம் மாடி. ஐந்து வயதுப் பிள்ளை ஏறும். கிறில் இருந்தால் நல்லது, கம்பிக்குக் கம்பி 4 அங்குலத்துக்குள் இருக்கவேணும்.

கொட் வாங்கும்போது பார்க்கவேண்டியது: கம்பி இடைவெளி 6 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. சாதாரணக் குளிர்பான ரின் ஒன்றைக் கொண்டுபோங்கோ. இரண்டு கம்பிக்கு நடுவில் அது நுழைந்தால் வாங்கவேண்டாம். உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும், அதுதான் பயம். ஒரு பக்கம் இறங்கி ஏறும் பழைய கொட்டை யார் சும்மா தந்தாலும் எடுக்காதேங்கோ. வழுக்குப் பாதையில் பிளாஸ்ரிக் துண்டு தேய்ந்தவுடன் பலகை ஒரு மூலையில் கழன்று V மாதிரித் தொங்கும், பிள்ளை அந்த இடுக்கில் விழும். அமெரிக்காவில் 2011இல் அந்த வகை விற்பதையே தடை செய்துவிட்டார்கள். மெத்தைத் தட்டு இரண்டு உயரத்தில் மாற்றக்கூடியதாக இருக்கட்டும். முதலில் மேலே. பிள்ளை கையூன்றி எழும்பத் தொடங்கினவுடன் கீழே. கீழே இறக்கினபிறகு மெத்தையின் மேற்பரப்பிலிருந்து விளிம்பு 20 அங்குலம் இருக்கவேணும்.

மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் போனால் மெத்தை சின்னது. துணி திணித்து நிரப்புவது பிழை. அளவுக்கு வெட்டித் தரும் கடையில் புதுசாக எடுங்கோ. இறப்பர் பூசின தும்பு அல்லது அடர்த்தியான ஃபோம், 4 அங்குலம். உள்ளங்கையால் அமத்தி எடுத்தால் உடனே மட்டத்துக்கு வரவேணும்.

#5 அம்மம்மா_வீடு

கொட், கம்பி, அளவு எண்டு இவ்வளவு பயப்படுத்தவேணுமே? எங்கட சனம் ஏணையிலதான் பிள்ளை வளர்த்தது. நூல்சீலையில கட்டினால் காத்தோட்டமும் இருக்கு, இடமும் பிடிக்காது. இரவில தாய்க்குப் பக்கத்தில படுக்கவிட்டால் பால் குடுக்கவும் லேசு. சிற்றெறும்பும் ஏறாது.

#6 தாதி_பொரளை

அம்மா, ஏணை கூடாது என்று யாரும் சொல்லவில்லை. விழித்திருக்கும் பிள்ளையை, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அரை மணித்தியாலம் ஆட்டலாம். இரவு நித்திரைக்கு அது இடமில்லை. காரணம் சீலை வளைவு. பச்சைப்பிள்ளைக்குத் தலை பாரம், கழுத்துக்குப் பலம் இல்லை. வளைந்த துணியில் நாடி நெஞ்சில் முட்டும். மூச்சுக்குழாய் மெல்லிய குழாய்தான், மடிந்தால் அடைபடும். அழச் சத்தமும் வராது. தட்டையான இறுக்கமான மெத்தையில் மல்லாக்காகக் கிடத்தச் சொல்வது அதனால்தான். அமெரிக்காவில் 1994இல் மல்லாக்காகக் கிடத்தும்படி நாடு முழுக்கச் சொல்லத் தொடங்கியபின், நித்திரையில் காரணம் தெரியாமல் திடீரென நேரும் பச்சைப்பிள்ளை மரணங்கள் பாதியாகக் குறைந்தன.

கொழுக்கி விஷயமும் இருக்கிறது. ஃபேன் மாட்டும் கொழுக்கியில் ஏணை கட்டக்கூடாது. அது அசையாத பாரத்துக்குப் போட்டது. மூத்த பிள்ளை ஒருமுறை தொங்கி ஆடினால் போதும்.

பக்கத்தில் கிடத்துவது பற்றி நேராகவே சொல்கிறேன். ஒரே அறையில் ஆறு மாதமாவது பிள்ளை இருப்பது நல்லது, ஆனால் தன் படுக்கையில். பிள்ளை 37 கிழமைக்கு முன் பிறந்திருந்தால், 2.5 கிலோவுக்குக் குறைவென்றால், வீட்டில் யாரும் புகைப்பவர் என்றால், மது குடித்திருந்தால், தாய் நித்திரை வரும் வலிமாத்திரை எடுத்தால், ஒரே கட்டில் என்ற பேச்சே வேண்டாம். மற்றவர்களும் பாலூட்டும்போது கண் அயர்வது நடக்கும். அது கட்டிலில் நடக்கட்டும், சோபாவிலோ சாய்கதிரையிலோ நடக்கக்கூடாது. சோபாவின் இடுக்கில் பிள்ளை புதைவது கட்டிலை விடப் பன்மடங்கு ஆபத்து. ஆகவே பாலூட்டும் பக்கத்தில் தலையணை, போர்வை இல்லாமல் வைத்திருங்கள், கண் விழித்தவுடன் கொட்டுக்கு மாற்றுங்கள். மூத்த மகனும் பிள்ளையும் ஒரே படுக்கையில் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

கொட்டுக்குள் இறுக்கமாக மாட்டிய ஒரு விரிப்பு மட்டும். கடைகளில் விற்கும் பிறந்த பிள்ளைத் தொகுதியில் குட்டித் தலையணை, இரண்டு உருளைத் தலையணை, பஞ்சு மெத்தை, சுற்றிக் கட்டும் மெத்துப்பட்டை எல்லாம் வரும். தலையணையும் உருளைகளும் பட்டையும் அறைக்குள்ளேயே வரவேண்டாம். வீட்டில் இருந்தால் யாராவது வைப்பார்கள்.

சிற்றெறும்புக்குக் கட்டில் காலில் தண்ணீர்ச் சிரட்டை வைக்கும் பழக்கம் கொழும்பில் ஆகாது, ஏன் என்று நுளம்பு தெரிந்தவர் சொல்வார். எறும்புச் சோக்கட்டியும் போடக்கூடாது, அது நஞ்சு. காலைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு வாஸ்லின் தடவுங்கள், பால் சிந்திய துணியை இரவே அறையை விட்டு எடுங்கள்.

#7 குளிர்காற்று

ஏசி பற்றி. வெளிநாட்டுப் பக்கங்களில் 16 முதல் 20 பாகை என்று எழுதியிருப்பார்கள். அது அங்கத்தைய குளிருக்கும் அங்கத்தைய உடுப்புக்கும். இங்கே 26 அல்லது 27இல் விட்டு, மேல் ஃபேனை ஒன்றில் ஓடவிடுங்கள். பிள்ளையின் கை கால் குளிர்ந்திருப்பது சாதாரணம், அதைத் தொட்டுப் பார்த்து ஏசியை நிறுத்தாதீர்கள். பிடரியிலும் நெஞ்சிலும் தொடுங்கள். வியர்த்தால் சூடு கூட. ஏசி இல்லாத இரவில் ஒரு மெல்லிய நூல்சட்டை போதும். அறைக்குள் தொப்பி வேண்டாம், பச்சைப்பிள்ளை தலையாலும் நிறையச் சூட்டை வெளியேற்றுகிறது.

உங்கள் ஏசி யன்னல் பக்கம், கொட் கதவுப் பக்கம். கிட்டத்தட்ட 10 அடி தூரம் இருக்கிறது, நல்லது. காற்று இதழை மேல் நோக்கி நிறுத்திவிடுங்கள், அது கொட்டில் நேராக விழக்கூடாது.

பிரச்சினை குளிரில் இல்லை, ஈரத்தில். கடலோரம், நாலு பேரின் மூச்சு, ஒக்ரோபர் நவம்பர் மழை. அறையில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். கையடக்க ஈரமானி ஒன்று வாங்கிக் கொட் உயரத்தில் மாட்டுங்கள். 65க்கு மேல் காட்டினால் ஏசியை ட்ரை மோட்டில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்று எடுப்பதில்லை, உள்ளே இருக்கும் காற்றைத்தான் சுற்றவிடும். காலையிலும் பின்னேரமும் 20 நிமிடம் கதவும் யன்னலும் எதிரெதிரே திறந்திருக்கட்டும்.

பிறக்கும் திகதிக்கு மூன்று கிழமை முன் முழுச் சேர்விஸ். வடிகட்டியை மட்டும் கழுவுவது போதாது. உள்ளே உருளை விசிறியில் கறுப்பாக அப்பியிருப்பதுதான் பூஞ்சணம், அதைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். பிறகு வடிகட்டியை நீங்களே இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவலாம்.

குளியலறைச் சுவருக்கு ஒரு பரிசோதனை. ஒரு அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் 24 மணித்தியாலம் விடுங்கள். சுவர் பக்கம் நீர் கோத்தால் குழாய் அல்லது ஓட்டு இணைப்புக் கசிகிறது, பெயின்ற் அடித்துப் பயனில்லை. அறைப் பக்கம் கோத்தால் அது காற்றின் ஈரம். கசிவு இருந்தால் குளியலறை ஓட்டு இணைப்பைத் திறந்து அடைத்து, சுவர் முழுக்கக் காய்ந்தபின்தான் சுரண்டிப் பூசவேண்டும். தண்ணீரில் கரையும் இமல்சன் பெயின்ற் எடுங்கள். ஒரு மாதம் முன்பே முடியுங்கள். சுரண்டும் நாளில் தாயும் மகனும் வேறு வீட்டில் இருக்கட்டும். பழைய பெயின்ற் தூசியில் ஈயம் இருக்கலாம்.

#8 கொட்டாஞ்சேனை_நுளம்பு

சிரட்டைத் தண்ணீர் பற்றிச் சொல்ல வந்தேன். டெங்கு நுளம்பு சாக்கடையில் முட்டை இடுவதில்லை, தெளிந்த தண்ணீரில் இடும். தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே ஒட்டிவைக்கும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பு வரை ஏழு முதல் பத்து நாள். கட்டில் காலடிச் சிரட்டை என்றால் பிள்ளைக்கு ஒரு அடி தூரத்தில் நுளம்புப் பண்ணை. அதே மாதிரி இவற்றையும் பாருங்கள்: போத்தலில் வளர்க்கும் மணிபிளான்ற், ஏசித் தண்ணீர் சொட்டும் வாளி, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டு, பூச்சாடித் தட்டு. கிழமைக்கு ஒருமுறை கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும், முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இது பகலில் கடிக்கும் நுளம்பு. காலையிலும் சூரியன் சாயமுன்னும் கூட. எல்லோரும் இரவுக்கு மட்டும் வலை கட்டுகிறார்கள், பகல் நித்திரைக்கும் வலை வேண்டும். குடை மாதிரி விரியும் சின்ன வலை முதல் மாதங்களுக்குச் சரி, ஆனால் கை வலையைத் தொட்டால் வலைக்கு வெளியிலிருந்தே கடிக்கும். கொட் முழுவதையும் மூடி மேலிருந்து தொங்கும் வலையில் அந்தப் பயம் குறைவு. கரைகளை மெத்தைக்குக் கீழே செருகி, தொய்வு இல்லாமல் இழுத்துக் கட்டுங்கள். பிள்ளை புரளத் தொடங்கினால் உள்ளே தொங்கும் நாடா ஒன்றும் இருக்கக்கூடாது. அலுமினிய யன்னலுக்கு வழுக்கும் வலைச்சட்டம் போட்டால் இன்னும் நல்லது. கதவடி இடைவெளிக்குத் தூரிகைப் பட்டை.

நுளம்புச் சுருள் வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடிய வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமன் என்று ஆய்வு அளந்திருக்கிறது. சாம்பிராணிப் புகையும் புகைதான். பூசும் மருந்து இரண்டு மாதம் ஆகும்வரை பிள்ளையின் தோலில் படக்கூடாது.

#9 மூன்றாம்மாடி

எல்லோருக்கும் நன்றி. அலுமாரிக் கதவு 17½ அங்குலம், திறக்கும். இன்னும் இரண்டு கேள்வி. மகனின் பழைய சட்டைகள், நப்பித் துணி எல்லாம் ஐந்து வருடமாக இரும்பு அலுமாரியில் பூச்சி உருண்டை போட்டு இருக்கிறது. தோய்த்துப் போடலாமா? அறைக்கு இளமஞ்சள் அடிக்கலாம் என்று யோசித்தோம், இரவுக்கு மஞ்சள் வெளிச்ச விளக்கு. சரியா?

#10 தாதி_பொரளை

இந்த இரண்டு கேள்வியையும் கேட்டது மிக நல்லது. இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன: செங்கண்மாரி, அதாவது மஞ்சள் காமாலை.

பூச்சி உருண்டையில் இருப்பது பெரும்பாலும் நப்தலீன். ஜீ6பீடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் பிள்ளைகள் உண்டு, ஆண்பிள்ளைகளில் அதிகம், பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளையின் உடலில் நப்தலீன் ஆவி போனால் செங்குருதிக் கலங்கள் உடைந்து, செங்கண்மாரி வேகமாக ஏறி மூளையைத் தாக்கலாம். மூச்சாலும் போகும், தோலாலும் போகும். எண்ணெய் பூசிய தோலில் இன்னும் கூடுதலாக உறிஞ்சும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அந்த உடுப்பைப் போடுவது இரட்டை ஆபத்து.

உருண்டைகளை இன்றே எடுத்து வீட்டுக்கு வெளியே போடுங்கள். உடுப்பைப் பல தடவை சவர்க்காரத்தில் தோய்த்து, வெயிலில் நாட்கணக்கில் காயவிடுங்கள். மணம் மிச்சம் இருந்தால் ஆவியும் மிச்சம் இருக்கிறது, அதைப் பச்சைப்பிள்ளைக்குப் போடவேண்டாம். என்னைக் கேட்டால் முதல் மாதத்துக்குப் புது நூல்சட்டை ஆறு, புது நப்பித் துணி இரண்டு டசின் வாங்கி, தோய்த்து வையுங்கள், மழைக்காலம், காய நாளாகும். பிள்ளையின் உடுப்பு வைக்கும் மர அலுமாரியில் பெரியவர்களின் பட்டுச்சேலைக்கு உருண்டை போட்டிருந்தாலும் இதே கதைதான்.

இரண்டாவது நிறம். பிள்ளை மஞ்சளாவதை நாம் கண்ணால்தான் முதலில் பிடிக்கிறோம். மஞ்சள் சுவர், மஞ்சள் விளக்கு இரண்டும் அதை மறைத்துவிடும். வெள்ளை அடியுங்கள். பாலூட்ட இரவு விளக்கு மஞ்சளாக 1 அல்லது 2 வொற் எல்.ஈ.டி இருக்கட்டும், முழங்கால் உயரத்தில், கொட்டைப் பார்க்காமல். அதோடு ஒரு வெள்ளை ரியூப் லைற்றும் அறையில் வேண்டும். தினமும் பகல் வெளிச்சத்தில் யன்னலருகே நெற்றியையும் நெஞ்சையும் விரலால் அமத்தி எடுத்துப் பாருங்கள், கண் வெள்ளையையும் பாருங்கள். முதல் 24 மணித்தியாலத்தில் மஞ்சள் தெரிந்தால், அல்லது பிறகு காலும் பாதமும் மஞ்சளானால், பால் குடிக்க எழும்பாமல் தூங்கினால், அன்றே ஆஸ்பத்திரி. வெயிலில் காட்டுவது வைத்தியம் இல்லை.

குடும்பநல மாது முதல் பத்து நாளுக்குள் வீட்டுக்கு வருவார். பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

#11 வயரிங்_தம்பி

சுருக்கமாக. ட்ரிப் சுவிட்சில் (மின் கசிந்தால் தானாகவே கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) உள்ள சோதனைப் பொத்தானை அமத்துங்கள், உடனே சுவிட்ச் விழவேண்டும், விழாவிட்டால் மாற்றுங்கள். 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்கவேண்டும். சதுர மூன்று முள் 13 அம்பியர் பிளக் பொயின்ற்றுக்கு உள்ளேயே மூடி இருக்கிறது, மேலே பிளாஸ்ரிக் மூடி செருகவேண்டாம், மலிவான மூடியின் முள் உள்மூடியைத் திறந்து வைத்துவிடும். பழைய வட்டமுள் பொயின்ற்தான் பயம், மாற்றிவிடுங்கள். நீட்டு வயர் மெத்தைக்கு அடியில் போகக்கூடாது. கொட்டிலிருந்து மூன்று அடிக்குள் எந்த வயரும், திரைச்சீலைக் கயிறும் வேண்டாம்.

#12 தச்சுப்பட்டறை

ஒன்று விட்டுப்போச்சு. சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி நிற்கும் அலுமாரி, மகன் கீழ் இழுப்பறையைத் திறந்து மேல் தட்டுக்கு ஏறினால் முன்னுக்கு விழும். மேல்மட்டத்தில் பின்னால் 3 அங்குல மரக்கட்டை இரண்டு வைத்து, L தகட்டால் சுவரோடு பூட்டுங்கோ. 6 மில்லிமீற்றர் துளை, றவல் பிளக், சுவருக்குள் ஒன்றரை அங்குலம் போகும் ஸ்குறூ. சுவர் உள்ளே பொந்தான சிமெந்துக் கல் என்றால் சாதாரண பிளக் சுழலும், பிடிக்காது, தூண் அல்லது வளையில் துளையிடவேணும். குளியலறைக் குழாய் எங்கே போகுது என்று பார்த்தபிறகு துளைபோடுங்கோ.

#13 தாதி_பொரளை

மகனைப் பற்றியும் சொல்லவேண்டும். அவனைக் கட்டிலிலிருந்து தரை மெத்தைக்கு மாற்றுவதை இப்போதே செய்யுங்கள், பிறப்புக்கு ஆறு கிழமை முன்னாவது. பிள்ளை வந்த நாளில் மாற்றினால் தம்பி தன் இடத்தைப் பறித்தான் என்றுதான் அவனுக்குத் தோன்றும். பச்சைப்பிள்ளை நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கேட்கும், பள்ளிக்கூடம் உள்ள நாட்களில் அவன் நித்திரை குழம்பும். அவனுக்குக் காய்ச்சல், இருமல் வந்தால் விறாந்தையில் தகப்பனோடு படுக்க ஒரு பாய் ஆயத்தமாக இருக்கட்டும். ஐந்து வயது அன்பில் கொட்டுக்குள் தன் கரடிப்பொம்மையைப் போடும், போர்வையால் மூடிவிடும். திட்டாமல் சொல்லிக் கொடுங்கள்: கொட்டுக்குள் தம்பி மட்டும். நப்பி ஊறும் வாளி குளியலறைக்குள், மூடி இறுக்கி.

#14 மூன்றாம்மாடி

பொலித்தீன் இப்போது ஒட்டியாச்சு. உருண்டைகள் வெளியே போய்விட்டன. நப்பி மழைக்குக் காயாவிட்டால் அறைக்குள் கொடி கட்டலாமா?

#15 குளிர்காற்று

வேண்டாம். ஈரத் துணியின் தண்ணீர் முழுக்க அறைக் காற்றுக்குத்தான் போகும், பூஞ்சணத்துக்கு நீங்களே தீனி போட்டதாகும். விறாந்தையில் கொடி கட்டி, நிற்கும் ஃபேனை அதற்குத் திருப்பிவிடுங்கள். மடிக்கமுன் இஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை தேய்த்தால் மிச்ச ஈரமும் போகும். அந்த மாதங்களில் கரண்ட் போகும் இரவுக்கு பற்றரியில் ஓடும் ஃபேன் ஒன்றைச் சார்ஜ் ஏற்றி அலுமாரி மேல் வையுங்கள். கொட்டுக்குள் நேராகத் திருப்பவேண்டாம்.

#16 தாதி_பொரளை

அலுமாரிக் கதவின் உட்பக்கம் பெரிதாக 1990 என்று எழுதி ஒட்டுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. அதற்குக் கீழே வீட்டு இலக்கம், ஒழுங்கை, மாடி, எந்தப் படிக்கட்டு என்று எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்கு அந்த விபரத்தைச் சொல்லவேண்டி வருவது அம்மம்மாவாகவும் இருக்கலாம்.